நூற்று அறுபத்தாறு டிகிரி

ஆக்லாந்து விமான நிலையத்தில் என்னிடமிருந்து முதலில் பறிபோனது கறிவேப்பிலை. என் மனைவி ஈரத் துணியில் சுற்றி, அதன்மேல் செய்தித்தாளும் சுற்றிக் கொடுத்தனுப்பியது. கையுறை போட்ட ஒரு இளம் பெண் அதிகாரி பிரித்து, முகர்ந்து பார்த்து, "நல்ல வாசனை, மன்னிக்க வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தொட்டியில் போட்டார். நார்த்தங்காய் ஊறுகாய் எப்படியோ தப்பித்தது. வெளியே என் மகன் முரளி எனக்கு ஒரு கனத்த ஜாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

மே மாதம். நம் ஊரில் தார் உருகும் நேரத்தில் இங்கே குளிர் தொடங்குகிறது. முரளி சென்னையில் இன்ஜினியராக இருந்தவன். இங்கே வந்து இரண்டு வருஷமாக விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். அதைப் பற்றி நான் கேட்கக் கூடாது என்று மருமகள் முதலிலேயே கண்ணால் சொல்லிவிட்டாள். மவுண்ட் வெல்லிங்டன் என்ற பகுதியில் இரண்டு அறை வீடு. பேரனுக்கு ஒன்பது மாதம். என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவதுதான் அவனுக்கு முழுநேர வேலை.

பேரனைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் ஊரில் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் மவுண்ட் ரோஸ்கில் என்ற பகுதியில் ஞானராஜ் இருக்கிறார் என்று ஒரு பழைய நண்பர் வழியாகத் தெரிந்த பிறகுதான் டிக்கெட் எடுக்கச் சொன்னேன். விமானப்படையில் அவர் பைலட், நான் அவருடைய நேவிகேட்டர், அதாவது வழி கணக்குப் போட்டுச் சொல்கிறவன். முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தவறுக்கு அவர் தண்டனை அனுபவித்தார். அது என் தவறு என்பது அவருக்கே தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஏன் இப்போது என்று கேட்டால் பெருமையான பதில் எதுவும் என்னிடம் இல்லை. ஓய்வு பெற்றாகிவிட்டது, பென்ஷன் வருகிறது, இனிமேல் யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் தைரியம்தான்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விமானத்தின் பெயர் கான்பெரா. குண்டு கிடையாது, துப்பாக்கி கிடையாது, வயிற்றில் காமெராக்கள் மட்டும். நாற்பத்தெட்டாயிரம் அடி உயரத்தில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்ப வேண்டும். முன்னால் கண்ணாடிக் குமிழுக்குள் பைலட் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால், ஜன்னல் என்று மரியாதைக்குச் சொல்லக்கூடிய ஒரு ஓட்டையோடு, இருட்டில் நான். ஒரு சின்ன விளக்கு, வரைபடம், பென்சில், ரப்பர், நிறுத்துக் கடிகாரம், வட்டமான ஒரு கணக்குத் தட்டு. வழி சொல்ல மின்னணுக் கருவி எதுவும் கிடையாது. படம் எடுக்கும்போது மட்டும் நான் ஊர்ந்து மூக்குப் பகுதிக்குப் போய்க் குப்புறப் படுத்துக்கொள்வேன். கண்ணாடியின் உள்பக்கம் உறைபனி படிந்திருக்கும். அதைச் சுரண்டிக்கொண்டே, காற்று எங்களை எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறது என்று அளப்பேன்.

எந்தத் திசைக்கு மூக்கை வைக்க வேண்டும் என்று நான் எண்ணைச் சொல்வேன். பைலட் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் திரும்புவார். கணக்கு எப்படி வந்தது என்று அவர் பார்க்க முடியாது. வெளியே என்ன இருக்கிறது என்று நான் பார்க்க முடியாது. இரண்டு பேரின் உயிரும் அந்த ஒரு எண்ணில்தான்.

அந்த உயரத்தில் பிராணவாயுக் குழாயில் கோளாறு வந்தால் உடனே மயக்கம் வராது. முதலில் சந்தோஷம் வரும். எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறோம் என்று தோன்றும். இரண்டும் இரண்டும் ஐந்து என்று அழுத்தமாக எழுதி அடிக்கோடும் போடுவோம். பயிற்சியில் எங்களை ஒரு அறையில் அடைத்துக் காற்றைக் குறைத்து, எழுதச் சொல்லி, பிறகு நாங்கள் எழுதியதை எங்களிடமே காட்டுவார்கள். சிரிப்போம். ஆனால் அதற்குப் பிறகு எல்லாருக்குமே உள்ளூர ஒரு பயம் இருந்தது.

ஒரு குளிர்காலத்தில் வடக்கு மலைகளைப் படமெடுத்துவிட்டுத் தெற்கே திரும்பினோம். மேற்கிலிருந்து மணிக்கு நூறு கடல் மைல் வேகத்தில் காற்று. நேர் தெற்கு என்பது நூற்று எண்பது டிகிரி. காற்றுக்கு எதிராக மூக்கைக் கொஞ்சம் மேற்கே வைக்க வேண்டும். கணக்குத் தட்டில் காற்றை ஒரு பென்சில் புள்ளியாக வைப்போம். நடுமையத்துக்கு எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதுதான் விஷயம். நான் மறுபக்கம் வைத்துவிட்டேன். நூற்றுத் தொண்ணூற்று நாலு என்று வர வேண்டிய திசை, நூற்று அறுபத்தாறு என்று வந்தது. சொன்னேன். ஞானராஜ் திருப்பிச் சொன்னார், திரும்பினார். காற்று தள்ளும் பக்கத்துக்கே நாங்களும் போனோம். கீழே ஒரு மணி நேரம் முழுக்க மேகம்.

மேகம் விலகியபோது, இருக்கவே கூடாத ஒரு பெரிய ஆறு கீழே இருந்தது. கிட்டத்தட்ட இருநூறு மைல் கிழக்கே வந்துவிட்டோம். எரிபொருள் கொஞ்ச நேரத்துக்குத்தான். உலகப் போரின்போது போட்டுக் கைவிட்ட, புல் முளைத்த ஒரு ஓடுபாதையைக் கண்டுபிடித்து ஞானராஜ் இறக்கினார். முன்சக்கரம் ஒடிந்து மூக்கு நசுங்கியது. அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது, எனக்குக் கீறல்கூட இல்லை. அன்று எங்களைக் காப்பாற்றியது அவருடைய கை.

ஒடிந்த தோளைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்து ஊருக்குள் போன் தேடிப் போனார். நான் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து கணக்கைச் சரிபார்த்தேன். புள்ளியைப் பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. ரப்பரை எடுத்து 166ஐ அழித்து 194 என்று எழுதினேன். அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

விசாரணையில் ஞானராஜ் தனக்கு 166 என்றுதான் நினைவு என்றார். வரைபடத்தில் 194 இருந்தது. என்னைக் கேட்டார்கள், நானும் 194 என்றேன். அவருடைய பிராணவாயுக் குழாயில் ஒரு வெடிப்பு கண்டுபிடித்தார்கள். தரையில் மோதியபோது ஏற்பட்டதாகக்கூட இருக்கலாம், ஆனால் எல்லாருக்கும் அது வசதியாகப் போயிற்று. மூளைக்குக் காற்று போதாமல் தப்பான திசையில் ஓட்டிவிட்டு, சரியாக ஓட்டியதாக நினைத்துக்கொண்டார் என்று முடிவானது. அவர் அதன்பின் பறக்கவே இல்லை. வேலையை விட்டுவிட்டு நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். நானோ பிற்காலத்தில் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியனாகி, புள்ளியை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் பாடம் எடுத்தேன்.

மூன்றாம் நாள் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுகிறேன் என்று முரளி சொன்னான். வரைபடம் இருக்கிறதே, நானே போய்க்கொள்கிறேன் என்றேன். நேவிகேட்டர் வழி கேட்பதாவது. நகரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து மவுண்ட் ரோஸ்கிலுக்கு இன்னொன்று. ஏறுகிறவர்கள் டிரைவருக்கு வணக்கம் சொல்கிறார்கள், இறங்கும்போது நன்றி சொல்கிறார்கள். நம் ஊரில் நன்றி சொல்ல நின்றால் பின்னால் இருப்பவர் முதுகில் இறங்கிவிடுவார். கடைப் பலகைகளை வேடிக்கை பார்த்ததில் இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டேன்.

பஸ் வந்த வழியே திரும்பி நடந்திருந்தாலே போதும். குறுக்கு வழி என்று ஒரு பூங்காவுக்குள் புகுந்தேன். மறுபக்கம் வெளியே வந்தபோது எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருந்தது. நண்பகல், மழை விட்டு நல்ல வெயில். வடக்கே போக வேண்டும் என்று தெரியும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கம்பீரமாக அரை மணி நேரம் நடந்தேன். சில வீட்டு வாசல்களில் ஃபீஜோவா என்ற பச்சைப் பழத்தைப் பெட்டியில் போட்டு, எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். கொய்யாவும் சோப்பும் கலந்த வாசனை. இரண்டு தின்றேன். வீடுதான் வரவில்லை.

கடைசியில் ஒரு டெய்ரிக்குள் நுழைந்தேன். இங்கே பால், ரொட்டி, பேப்பர் எல்லாம் விற்கும் மூலைக் கடைக்கு அதுதான் பெயர். கல்லாவில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்தே தமிழில் பேசினார். மன்னார்க்காரர், பெயர் அந்தோனி. முகவரியைப் படித்துவிட்டு நான் எந்தப் பக்கமிருந்து வந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"சூரியனைப் பாத்தோ நடந்தனீங்கள் ஐயா?" என்றார். "இங்க மத்தியானம் சூரியன் வடக்கில எல்லோ நிக்கும். நீங்கள் தெற்கால போய்க்கொண்டிருக்கிறியள்."

பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்திருக்கிறோம் என்ற அரிச்சுவடி எனக்கு மறந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் இதையே சோறாகத் தின்றவன். கூச்சத்தை மறைக்க, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்றை வாங்கிக் கடித்தேன், உள்ளே இருந்த குழம்பு நாக்கைச் சுட்டுவிட்டது. ஞானராஜை அந்தோனிக்குத் தெரிந்திருந்தது, ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். நல்ல மனுஷன், ஆனால் கார் மட்டும் ஓட்டவே மாட்டார், மழையில் நனைந்துகொண்டு நடந்து வருவார், லிஃப்ட் கொடுத்தால் ஏறிக்கொள்வார் என்றார். வயதாகிவிட்டது, பயமாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வேனில் கொண்டுபோய் விடுவதாக அந்தோனி சொன்னார். நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். மணி ஒன்றரைதான். வழி தவறியதில் எனக்குள் ஒரு நிம்மதி வந்திருந்தது, அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்தோனி நான் தடுப்பதற்குள் போனை எடுத்துவிட்டார். "ஓம், ஓம்" என்று கதைத்துவிட்டு வைத்தார். "ஐயாவுக்குச் சரியான சந்தோசம். நாளைக்குச் சாப்பாட்டுக்கு வரட்டாம்."

மறுநாள் சரியான நிறுத்தத்தில் இறங்கினேன். ஞானராஜ் வாசலில் குடையோடு நின்றிருந்தார். உயரம் கொஞ்சம் குறைந்திருந்தது, முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. எனக்குத்தான் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் எங்கு பார்த்தாலும் சின்னச் சின்னக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. அடுப்புக்கு மேலே அணைத்தாயிற்றா என்று ஒன்று, கதவில் சாவி என்று ஒன்று, மாத்திரைப் பெட்டியில் நாளும் வேளையும் எழுதி ஒன்று. அவர் எதைச் சொன்னாலும், "சரிதானே லில்லி?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் இங்கே வந்தது எந்த வருஷம், மகள் ஜெனி வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் பெயர், பேத்திகளின் வயது, எல்லாவற்றுக்கும் லில்லி மேடம் தலையசைக்க வேண்டியிருந்தது. நினைவு மங்கும் நோயோ என்று பயந்தேன். ஆனால் அவர் சொன்ன ஒன்றுகூடத் தப்பாக இல்லை. இந்த ஊருக்கு வந்தபிறகு, ஐம்பத்தெட்டாவது வயதில் தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதாக லில்லி மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சாப்பாடு திருநெல்வேலிச் சொதி, டின்னில் வந்த தேங்காய்ப் பாலில் செய்தது. கூடவே இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும். என் மருமகளுக்கென்று ஒரு டப்பாவில் சொதியை எடுத்து மேடம் மூடி வைத்தார். கறிவேப்பிலையும் போட்டிருந்தார், வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கிறாராம். மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வரை சொல்ல வேண்டியதில்லை அல்லவா.

மேடம் பாத்திரம் கழுவப் போனதும் ஞானராஜ் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"சேது, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப வருஷமா இருக்கு. நீ ஒன் நைன் ஃபோர்னு தெளிவா சொல்லியிருக்க. நான் கோட்டி புடிச்ச மாதிரி வேற எங்கயோ போயிட்டேன். உன்னையும் சேத்துக் கொல்லப் பாத்தேன். புதுசா கல்யாணம் ஆனவன் நீ. என்னை மன்னிச்சிருப்பா."

நான் வாயைத் திறப்பதற்குள் மேலே பேசினார். 166 என்று கேட்டதும், அதைத் திருப்பிச் சொன்னதும் இன்றைக்கும் காதில் இருக்கிறதாம். அத்தனை தெளிவாக இருந்த ஒன்றே பொய் என்றால் வேறு எதை நம்புவது என்று கேட்டார். வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டக் கூப்பிட்டார்கள், தாழ்வாகப் பறப்பதுதான், போகவில்லை. ஜெனி கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் மருந்தை அளந்து ஊற்றக்கூட அவர் துணியவில்லை, பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடுவார். "எது சரின்னு உறுதியா தோணுதோ, அதுதான் எனக்குப் பயம்," என்றார். கார் விஷயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவருடைய வேலையைத்தான் கெடுத்தேன் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கே தூக்கம் போயிற்று என்று என்மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்புகூட இருந்தது. நான் கெடுத்தது என்னவென்று அங்கே, அந்த நாற்காலியில்தான் தெரிந்தது.

"சார், நான் சொன்னது ஒன் சிக்ஸ் சிக்ஸ்தான்," என்றேன். "நீங்க கேட்டது சரி. திருப்பிச் சொன்னது சரி. ஒரு டிகிரிகூடப் பிசகாம நான் சொன்ன திசையிலதான் ஓட்டினீங்க. காத்தை நான் தப்பான பக்கம் வெச்சுட்டேன்."

அவர் மெதுவாக, "பேப்பர்ல 194 இருந்துச்சே," என்றார்.

"அழிச்சு எழுதினேன் சார். நீங்க போன் தேடி ஊருக்குள்ள போனப்போ."

"எலும்பு ஒடிஞ்ச தோளோட போனேன்."

"ஆமா சார்."

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே மறுபடி மழை பிடித்திருந்தது. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். மேற்குக் காற்றுக்கு ஏன் கிழக்கே திரும்புகிறோம் என்று அன்றைக்கே ஒரு கணம் தோன்றியதாம். நான் பார்த்துத்தான் சொல்லியிருப்பேன் என்று கேட்காமல் விட்டாராம். பிறகு லில்லி மேடத்தைக் கூப்பிட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "சேது ஒண்ணு சொல்றான், கேளு. முதல்லேருந்து சொல்லு சேது."

மறுபடி சொன்னேன். முதல் தடவையைவிட இது கஷ்டமாக இருந்தது. மேடம் நின்றுகொண்டே கேட்டார். முடிந்ததும், "எம் புள்ளைய இவரு தனியா தூக்கிட்டு மாடிப்படி எறங்கினதில்ல, தெரியுமா உங்களுக்கு," என்றார். குரல் உயரவில்லை. மேசையில் என் மருமகளுக்கென்று மூடி வைத்திருந்த சொதி டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

நான் கிளம்ப எழுந்தேன். ஞானராஜ் உட்காரச் சொன்னார். நாலு மணிக்கு ஜெனி வருவாள், அவளிடமும் சொல்லிவிட்டுப் போ என்றார். மணி இரண்டரை. ஒன்றரை மணி நேரம் அந்த அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் அத்தனை நேரம் பறந்ததில் அவ்வளவு தூரம் அவரிடமிருந்து விலகி நான் இருந்ததே இல்லை. பல தடவை மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன், கேட்கும் தகுதி வரவில்லை.

ஜெனி ஆஸ்பத்திரிச் சீருடையோடு வந்தாள். என்னைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறாளாம், உட்காருங்க அங்கிள் என்று உபசரித்தாள். மூன்றாம் முறையாகச் சொன்னேன். காற்று, புள்ளி, ரப்பர், விசாரணையில் சொன்ன பொய், எதையும் விடவில்லை. அவள் முகத்தில் கோபம் வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்ல மனசு அங்கிள் உங்களுக்கு," என்றாள். "அப்பாவுக்கு வயசாகுது, நிம்மதியா இருக்கட்டும்னு இவ்வளவு தூரம் வந்து பழியை உங்க மேல போட்டுக்கிறீங்க. இப்படி ஒரு ஃபிரெண்ட் யாருக்குக் கிடைப்பாங்க?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் பிடியை இறுக்கினாள். நான் எவ்வளவு மறுத்தாலும் அதையும் பெருந்தன்மையில்தான் சேர்ப்பாள் என்று தெரிந்தது. அந்தப் பெண்ணின் கையை உதறவும் முடியவில்லை, அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை.

அப்போது ஞானராஜ் பேசினார். லில்லி மேடம் கதவருகில்தான் நின்றிருந்தார். ஞானராஜ் மேடத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"கையை விடு ஜெனி," என்றார். "இவன் அவ்வளவு நல்லவன் இல்ல. எனக்கு நிச்சயமா தெரியும்."